ஒப்பித்தல்

அக்கா பையனுக்குப் பத்து வயது. பாங்கு வேலை உள்ள சனிக்கிழமைகளில் அவனை விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குப் பாசஞ்சர் ரயிலில் அழைத்துப்போய், ஓய்வுபெற்ற ஒரு டீச்சரிடம் விட்டுவிட்டு நான் கவுண்டருக்குப் போகிறேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனையும் வண்டி நிற்குமுன் சொல்லிவிடுவான். மஞ்சள் பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருப்பதில் ஒன்றையும் அவனால் படிக்க முடியாது. முண்டியம்பாக்கத்தைச் சர்க்கரை ஆலையின் வாடையிலிருந்து கண்டுகொள்கிறான். மற்றவற்றை எதிலிருந்து என்று தெரியவில்லை. பதினோரு வருஷமாக அந்தத் தடத்தில் போய்வரும் எனக்கு, கையில் புத்தகம் இருப்பதால், பேரணி எப்போது கடந்தது என்பதே தெரிந்ததில்லை.

இதை அவன் மேதைமைக்குச் சான்றாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 2007இல் 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்துப் பலரும் அழுதார்கள். எழுத்து வராத அந்தப் பையன் கடைசியில் ஓவியப் போட்டியில் ஜெயிக்கிறான். ஓவியமும் வராதிருந்தால்? நம் இரக்கமும் ஈடு கேட்கிறது, பாங்குக் கடன் மாதிரி. எங்கள் பையனுக்கு ஓவியம் வராது, பாட்டு வராது, கணக்கு சுமார்.

போன வருஷம் ஒருநாள் தமிழ்ப் பாடத்தை ஒரு பக்கம் முழுக்கத் தடையில்லாமல் படித்தான். விரல் வரிகளின்மேல் ஓடிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் கவனித்தேன்: வாய் கடைசி வரியில் இருக்கையில் விரல் மூன்றாம் வரியில் இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். அதே பாடம் நிற்காமல் வந்தது. அடுத்த வீட்டுப் பெண் சத்தமாகப் படிப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு முழுப் பாடத்தையும் மனசில் ஏற்றியிருக்கிறான். திருட்டுப் பயலே என்று அடித்தேன். கள்ளக் கையெழுத்தைப் பிடித்துவிட்ட கிளார்க்கின் சந்தோஷமும் அந்த அடியில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. அவன் அழவில்லை. "நான் படிச்சேன்ல மாமா?" என்றான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அவன் செய்ததற்குப் பெயர் படிப்புதான். கேட்பது, மனனம் செய்வது, ஒப்பிப்பது. எழுத்து மணலில் விரலால். 1789இல் எழும்பூர் அநாதை ஆசிரமப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நம் பிள்ளைகளைப் பார்த்துத்தான் தன் கல்வி முறையை உருவாக்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே இவன் சட்டாம்பிள்ளையாகவே ஆகியிருக்கலாம். (அந்தத் திண்ணையில் எங்கள் பாட்டன் ஏறியிருக்க முடியாது என்பது வேறு விஷயம், பழமைக்காக ஏங்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 1896இல் பதினாலு வயதுப் பெர்ஸியைப் பற்றி எழுதினார். கண்ணில் கோளாறில்லை, கணக்குப் போடுவான், வார்த்தைகளை மட்டும் படிக்க வராது. எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொடுத்தால் இவனே பள்ளியில் முதல்வனாக இருப்பான் என்பது அவன் ஆசிரியர் கருத்து. இங்கிலாந்தில் 1880இல்தான் ஆரம்பப் பள்ளி கட்டாயமாயிற்று. பள்ளிதான் இந்தக் குறையைச் சிருஷ்டித்தது என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். எங்கள் கிளையில் கைநாட்டு வைக்கும் கிழவிகளைக் காட்டுகிறார்: இருப்பைப் பைசா சுத்தமாக மனசில் வைத்திருக்கிறார்கள், யாரும் அவர்களை மக்கு என்பதில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தோற்கவில்லை என்பதால்தானே?

வாதம் அழகாயிருக்கிறது. ஆனால் கவுண்டரில் விரலில் மை தடவிக்கொள்ளும்போது அந்தக் கிழவிகள் புடவைத் தலைப்பில் அதைத் துடைக்கும் அவசரத்தை நண்பர் பார்த்ததில்லை. பையன் படிக்க விரும்புகிறான். அவன் துன்பத்தைச் சமூகக் கற்பிதம் என்று பெயரிட்டு வாங்கிக்கொண்டுவிட முடியாது.

முதலில் நாங்கள் கொரோனாமீது பழி போட்டோம். 2021 அக்டோபரில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தபோது அவனுக்கு ஆறு வயது. சொல்லிக்கொடுக்கப்படாத பிள்ளையையும், சொல்லிக்கொடுத்தும் ஏறாத பிள்ளையையும் அந்த இரண்டு வருஷங்களில் யாராலும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. பிறகு வகுப்பில் சோம்பேறி என்றார்கள். அப்புறம் ஒரு டாக்டர் கற்றல் குறைபாடு என்றார். 1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் இதற்கு இடமில்லை; 2016ஆம் வருஷத்துச் சட்டத்தின் இருபத்தொன்றில் இது ஒன்று. பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு. முதல் பெயர் குற்றத்தை அவன் மனசில் வைக்கிறது, இரண்டாவது மூளையில். இரண்டிலும் பாடப் புத்தகமும் ஆசிரியரும் நானும் தப்பித்துக்கொள்கிறோம். ஆனாலும் இரண்டாவதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை அடிக்க முடியாது. அது சின்ன விஷயம் இல்லை.

தமிழ், சொல்வதை அப்படியே எழுதும் மொழி, அதனால் இங்கே இந்தச் சிக்கல் குறைவு என்று மார்தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 'வூட்டுக்குப் போவணும்' என்று பேசும் பையனிடம் புத்தகம் 'வீட்டிற்குச் செல்ல வேண்டும்' என்கிறது. 'கொ' எழுத வாய் முதலில் க் என்கிறது, கை முதலில் கொம்பைப் போடவேண்டியிருக்கிறது. கௌவின் வாலும் ளகரமும் ஒரே உருவம். 1978இல் அரசாணை றா, னா, லை ஆகியவற்றின் பழைய வடிவங்களை மாற்றிற்று. கொம்பு முன்னாலேயே நின்றுவிட்டது. பையன் அதைப் பின்னால் போடுகிறான். ஒலிப்படி அவன் செய்வது சரி.

இப்போதெல்லாம் ரயிலில் பாடத்தை நான் இரண்டு தடவை வாசிக்கிறேன். அவனுக்கு அது போதும், மனசில் ஏறிவிடும். பிறகு அவன் மெதுவாக ஒப்பிக்க, நான் அவன் விரலைப் பிடித்து, சொல்லும் வார்த்தையின்மேல் வைக்கிறேன். வாய் முந்தினால் நிறுத்துகிறோம். எதிர் சீட்டில் யாராவது வேடிக்கை பார்ப்பார்கள். மயிலத்தில் இறங்குகிறவர்கள் மூட்டையைத் தூக்கும் நேரத்தில் பாதிப் பக்கம் முடிந்திருக்கும்.