உடைஞ்சா யாரு பொறுப்பு?

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போய், கஸ்தூர்பா சாலையில் 1962இல் நேரு திறந்துவைத்த விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் அப்பாக்கள் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது, "தொடாதடா." அங்கே பல பொருட்கள் தொடுவதற்கென்றே வைத்தவை. பட்டனை அழுத்தினால்தான் சக்கரம் சுற்றும்.

இத்தனைக்கும் அப்பா சிப்காட்டில் நாள் முழுக்க லேத்தோடு மல்லுக்கட்டுகிறவர். கை வழியாகத்தான் அறிவு வரும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால், "உடைஞ்சா யாரு காசு குடுக்கறது?" என்ற பயம் அவரோடு பஸ் ஏறி வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் பியூரெட்டைப் பூட்டிவைத்த அலமாரி கற்றுக்கொடுத்த பயம் அது. (சாவி யாரிடம் இருந்தது என்பது தனிக்கதை.)

அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி பிராங்க், 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியத்தைத் தொடங்கியபோது, பட்டறையைப் பார்வையாளர் கண்ணெதிரிலேயே வைத்தார். உடையும், இங்கேயே சரிசெய்வோம் என்று சொல்லாமல் சொன்ன ஏற்பாடு. உடைவதன் செலவை ஏற்காமல் 'தொட்டுப் பார்' என்று பலகை மட்டும் மாட்டுவது எப்படி நியாயமாகும்? காசுள்ள வீட்டுப் பிள்ளை கைப்பிடியைச் சுழற்றும். நம்ம ஊர்ப் பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.