சர்வ வல்லமையும் மனித சுயாதீனமும்: யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ அனுபவம் எழுப்பும் சில வினாக்கள்

இழவு வீட்டிலே சொல்லப்படும் ஆறுதல் மொழிகளுள், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவரிடையே மிகப் பழகிப்போனது 'எல்லாம் கடவுள் சித்தம்' என்பதாகும். சைவர் வீட்டிலே அதே இடத்தில் 'விதி' என்பர். அல்லது அவனின்றி ஓரணுவும் அசையாது என்பர். நிறைவாழ்வு வாழ்ந்து முதுமையிலே கண்மூடிய ஒருவரைக் குறித்து இவ்வாறு கூறுவதில் எவருக்கும் இடர்ப்பாடு இல்லை. ஆனால், 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைக் குறித்தும் அதே சொற்றொடரை வழங்குவோமாயின் அதன் பொருள் யாது? எல்லாம் கடவுளின் சித்தமெனில், கொன்றவன் வெறுங் கருவியாகின்றான். கருவியைக் குற்றஞ்சாட்டுவார் எவருமிலர். கொன்றவனே முழுப் பொறுப்பாளி எனில், எல்லாம் வல்லவர் என்று நாம் போற்றுபவரின் ஆட்சியினின்றும் ஒரு செயலேனும் நழுவிவிட்டது என்றாகின்றது.

இவ்வினா மிகப் பழையது. மனிதன் தன் முயற்சியினாலேயே நன்மையைத் தெரிவுசெய்ய வல்லவன் என்று ஐந்தாம் நூற்றாண்டிலே பெலாகியுஸ் கூற, கிருபையின்றி அவனால் எதுவும் இயலாது என்று அகுஸ்தீனார் மறுத்தார். அன்று தொடங்கிய வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. எனினும் அவ்வழக்கின் முழு வரலாற்றையும் ஈண்டு விரித்தல் எமது நோக்கமன்று. அது யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வந்து சேர்ந்த விதத்தையும், இங்கே நிகழ்ந்தவற்றைக் கொண்டு அதனைப் பரிசோதிக்க இயலுமா என்பதையும் நோக்குவாம்.

1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்க சமயத்தை விலக்கி அவர்கள் நிலைநாட்ட முற்பட்டது தமது சீர்திருத்தத் திருச்சபையையாகும். அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னர், 1618–1619இல், தோர்ட் நகரிலே கூடிய அத்திருச்சபையின் சங்கம் நாம் எடுத்துக்கொண்ட இவ்வினாவுக்கே தீர்ப்பு வழங்கியிருந்தது. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்து 1609இல் மறைந்த ஆர்மினியுஸின் வழிவந்தோர், யார் விசுவாசிப்பர் என்பதை முன்னறிந்தே கடவுள் அவர்களை மீட்புக்கு முன்குறித்தார் என்றும், அவரது கிருபையை மனிதன் எதிர்த்து நிற்கவுங் கூடும் என்றும் கொண்டனர். சங்கம் இதனை நிராகரித்தது. கடவுளின் தெரிந்தெடுப்பு எவ்வித நிபந்தனைக்கும் உட்பட்டதன்று. விசுவாசமே அவர் அளிக்கும் கொடை. அக்கொடையை இறுதிவரை எதிர்த்துநிற்க மனிதனால் ஆகாது என்பன அதன் முடிபுகள். மாற்றுக்கருத்துக் கொண்ட குருமார் பதவி நீக்கப்பட்டனர். அவர்களை ஆதரித்த சட்ட அறிஞர் கிறோசியஸ் சிறையிடப்பட்டு, 1621இல் நூற்பெட்டியொன்றினுள் ஒளிந்து தப்பினார். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கடல் வாணிப உரிமைக்காக 1609இல் நூலெழுதி வாதாடியவரும் இவரே என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

விசுவாசம் கடவுளின் கொடை என்ற கொள்கையோடு வந்தவர்கள் இங்கு நடந்துகொண்ட முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிலிப்பு பால்தேயஸ் போன்ற பாதிரிமார் தமிழ் கற்றுப் போதித்தனர் என்பது உண்மையே. ஆனால் அவர்தம் போதனைக்குப் பின்னே கம்பனியின் அதிகாரம் நின்றது. கோயிற்பற்றுத்தோறும் பாடசாலை, பாடசாலைதோறும் பள்ளித் தோம்பு. ஞானஸ்நானமும் விவாகமும் அத்தோம்பிலே பதியப்பட்டன. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரச உத்தியோகம் இல்லை. தோம்பிலே பதியப்படாத விவாகத்திற் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமை ஐயத்துக்கிடமானது. இந்நிலையிலே குடாநாட்டு மக்கள் பெருந்தொகையினராகக் கிறிஸ்தவர்களானதில் வியப்பில்லை. வீட்டினுள்ளே அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது வேறு கதை. விரதநாளில் உண்ட இலையை வெளியே எறிந்தாற் காட்டிக்கொடுக்கும் என அஞ்சிக் கூரையிற் செருகினர் என்று போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்தி, அடுத்து வந்தவர் காலத்துக்கும் பொருந்துவதேயாம். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிச் சமயக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், தோம்பிலே இருந்த கிறிஸ்தவம் தோம்போடு நின்றுவிட்டது. 1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கண்டவை கூரையிழந்த கோயிற் சுவர்களையே.

அமெரிக்க மிசனரிமார் கல்வினிய மரபினர். அவர்களுக்குச் சற்று முன்னதாக, 1814இல், இங்கு வந்த வெஸ்லியன் மிசனரிமாரோ முன்குறிப்புக் கொள்கையைத் தம் மேடைகளிற் கடுமையாகச் சாடிய ஜோன் வெஸ்லியின் வழிவந்தோர். ஆகவே சித்த சுயாதீனம் பற்றி நேர்மாறான கொள்கையுடைய இரு சபைகள் ஒரே குடாநாட்டிலே அருகருகாகப் பாடசாலைகள் நடத்தின. இவர்கள் கையிலே தோம்பு இல்லை. ஆயினும் ஆங்கிலக் கல்வி என்னும் ஈர்ப்பு இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டமைக்கு, அது மனமாற்றத்தைவிட உத்தியோகத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்கிறது என்று தலைமைப்பீடத்தார் கருதியமை ஒரு முக்கிய காரணமாகும். அச்செமினரியிலே பயின்றவரும் கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்தவருமான சி. வை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்திலே சைவராக வாழ்ந்தார். வெஸ்லியன் பாடசாலையிலே பயின்று, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் அங்கிருந்து விலகிச் சைவப்பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். வேதத்தை நாவலரளவுக்கு நுணுகிக் கற்ற கிறிஸ்தவர் அக்காலத்திற் பலர் இருந்திரார். அறிந்தபின்னரும் 'இல்லை' என்று சொல்ல அவரால் முடிந்தது. அந்த 'இல்லை' என்பதற்கு இருந்த பெறுமதி, தோம்பிலிருந்த ஆயிரம் 'ஆம்' என்பவற்றுக்கு இருக்கவில்லை என்பது எமது துணிபு.

இவ்விடத்தே நமது வினாவுக்குத் திரும்பலாம். அதிகாரத்தாற் பெறக்கூடியவை பல: வரி, பணிவு, தலைவணக்கம், வாய்மொழி. அன்பும் நம்பிக்கையும் அவ்வாறு பெறப்படுவனவல்ல. அதிகாரம் போதாமையினாலன்று, கட்டாயத்தின்கீழ் அளிக்கப்படுவது அன்பென்னும் பெயருக்கே உரித்தாகாமையினால். கடவுள் மனிதனிடம் நாடுவது அன்பே என்று கிறிஸ்தவம் கூறுமாயின், மனிதன் மறுக்கவும் வல்லவனாயிருத்தல் கடவுளின் வல்லமைக்குக் குறைவாகாது. வட்டமான சதுரத்தை ஆக்க இயலாமை எவ்வாறு இயலாமையாகாதோ, அவ்வாறே இதுவும்.

தோர்ட் சங்கத்தார் இதற்கு விடையின்றி நிற்பவரல்லர். கிருபை புறத்தேயிருந்து நெருக்குவதன்று. அகத்தே சித்தத்தையே புதுப்பித்து, மனிதன் தானாகவே விரும்புமாறு செய்கின்றது என்பர். எல்லாவற்றையும் அவற்றின் இயல்புக்கேற்பவே இயக்கும் கடவுள், சுயாதீனமானவற்றைச் சுயாதீனமாகவே இயங்கச் செய்கின்றார் என்ற தோமஸ் அக்குவீனாரின் கூற்றும் இதற்கு அயலானதே. இவ்விடை வலியது. ஒல்லாந்தக் கம்பனி செய்தது அக்கொள்கையின் தவறன்று, அதற்கு இழைக்கப்பட்ட துரோகமே என்றுகூட ஒருவர் வாதிடலாம். ஆயினும் நன்மைக்கு மட்டுமே இவ்விடை பொருந்துகின்றது. சித்தத்தை அகத்தே திருப்ப வல்லவர் சிலரைத் திருப்பி ஏனையோரை விட்டுவிடுவது ஏன் என்று கேட்டால், அது அவரது மறைபொருள் என்பதே மறுமொழி.

முன்னறிவு பற்றிய சிக்கல் இதனினும் எளியது. இன்ன நாளிற் கிரகணம் நிகழும் என்று வாக்கிய பஞ்சாங்கம் சொல்வதனாற் கிரகணம் நிகழ்வதில்லை. நிகழவிருப்பதையே பஞ்சாங்கம் சொல்கின்றது. (1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் குறித்து அராலிப் பஞ்சாங்கக் கணிதருக்கும் வட்டுக்கோட்டைச் செமினரியாருக்கும் கணக்கிலே வேறுபாடு நேர்ந்தது, எவர் கணக்குக்காகவும் சந்திரன் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.) சேவல் கூவுமுன் பேதுரு மும்முறை மறுதலிப்பான் என்று இயேசு முன்னறிந்து கூறியமை பேதுருவை மறுதலிக்கச் செய்யவில்லை. மறுதலித்தபின் அவன் மனங்கசந்து அழுதான். தன் செயலென்று உணராதவன் அவ்வாறு அழான். ஆறாம் நூற்றாண்டிலே சிறையிலிருந்து எழுதிய போயெதியஸ், கடவுளுக்கு முன் பின் என்பதே இல்லை, அனைத்தும் அவருக்கு நிகழ்காலமே என்று கூறியதும் இவ்வழிப்பட்டதே. ஆனால் பஞ்சாங்க உவமை ஓரிடத்திலே முறிகின்றது. பஞ்சாங்கக்காரர் சந்திரனைப் படைத்தவரல்லர். கடவுளோ பேதுருவைப் படைத்தவர்.

இந்த முறிவிலேதான் சைவசித்தாந்தி கைவைப்பான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியிலே நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974இல் நமது வளாகம் தோன்றிற்று. சைவ மாணவனும் கிறிஸ்தவ மாணவனும் ஒரே வாங்கிலிருந்து மெய்யியல் கற்கும் இவ்விடத்திலே இத்தடை எழாதிருக்க முடியாது. மெய்கண்டார் மரபிலே பதியும் பசுவும் பாசமும் அநாதி. உயிரை இறைவன் படைத்தானல்லன். அதனைப் பற்றிய ஆணவமும் அவன் தந்ததன்று. ஆகவே தீமையின் ஊற்று இறைவனைச் சாராது. இன்மையிலிருந்து உயிரைப் படைத்தார் என்று கொள்ளும் கிறிஸ்தவனோ, தவறக்கூடிய உயிரை, அது தவறும் என்றறிந்தே படைத்தது ஏன் என்னும் வினாவுக்கு முகங்கொடுத்தாக வேண்டும். 1955இல் அவுஸ்திரேலிய மெய்யியலாளர் மக்கி இதனையே வேறு வடிவிற் கேட்டார்: எப்போதும் நன்மையையே தாமாகத் தெரிவுசெய்யும் மனிதரைச் சர்வ வல்லவர் ஏன் படைக்கவில்லை? நமது வளாகம் தோன்றிய அதே 1974இல் வெளிவந்த நூலிலே பிளான்ரிங்கா மறுமொழி கூறினார். சுயாதீனமான உயிர்கள் எதனைத் தெரிவுசெய்யும் என்பது அவ்வுயிர்களையே பொறுத்ததாகையால், தவறே நேராத உலகை ஆக்குவது கடவுளின் கையில் மட்டும் இருந்திராது என்பது அதன் சாரம். இது முரண்பாடில்லை என்பதைக் காட்டுகின்றது. காரணம் இதுவே என்று காட்டவில்லை. சித்தாந்தியும் முற்றாகத் தப்பிவிடுகின்றான் என்பதற்கில்லை. வினையை அநாதி என்பது வினாவை எல்லையற்ற முற்காலத்துக்குத் தள்ளுவதாகுமேயன்றித் தீர்ப்பதாகாது என்று கிறிஸ்தவன் திருப்பிக் கேட்கலாம். எனினும் இத்தடையிலே சைவத்தின் கை ஓங்கியிருப்பதை நேர்மையுடையோர் ஒப்புக்கொள்ளுதல் தகும்.

வேதாகமம் இச்சிக்கலை மூடிமறைக்கவில்லை. யாத்திராகமத்திலே பார்வோனின் இருதயத்தைக் கடவுள் கடினப்படுத்தினார் என்றும், பார்வோனே தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்றும் ஒரே கதையில் இருவிதமாகவும் வருகின்றது. கெத்செமனேயிலே இயேசு தம் சித்தத்தைப் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுக்கின்றார். ஒப்புக்கொடுப்பதற்குத் தமக்கென ஒரு சித்தம் இருந்தமையாலேயே அது ஒப்புக்கொடுத்தலாயிற்று. பிதாவின் சித்தம் பூமியிலே நிறைவேற வேண்டுமென்று மன்றாட அவர் சீடருக்குக் கற்பித்தார். நிகழ்வதெல்லாம் ஏற்கெனவே அவர் சித்தமாயின், அம்மன்றாட்டுக்கு அங்கே வேலையில்லை.

ஆகவே 'கடவுள் சித்தம்' என்பதையும் 'கடவுள் இடங்கொடுத்தது' என்பதையும் ஒன்றாக்குதல் ஆகாது. இடங்கொடுத்தது ஏன் என்ற வினா நவாலியிலே தன் பிள்ளையை இழந்த தாய்க்கு உரியது. அவளுக்கு மறுமொழி சொல்லும் தகுதி இக்கட்டுரையாளனுக்கு இல்லை. ஆனால் அச்செயலைக் கடவுளின் கணக்கிலே எழுதிவிட்டு, கட்டளையிட்டவரையும் நிறைவேற்றியவரையும் விட்டுவிடும் இறையியல் எங்கிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கதன்று.

லூக்கா சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்திலே, பலிசெலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகின்றனர். வழிபாட்டிடத்திலே சிந்திய இரத்தம், செய்வித்தது அரசாங்கம். இறந்தவர் ஏனையோரினும் பாவிகள் என்று நினைக்கின்றீர்களா என்று அவர் கேட்டு, இல்லை என்று தாமே மறுக்கின்றார். சீலோவாம் கோபுரம் வீழ்ந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்தும் அவ்வாறே கூறுகின்றார். அது பிதாவின் சித்தம் என்ற சொல் அவ்விடத்தே அவர் வாயில் வரவில்லை. செய்தி கொண்டுவந்தவர்களை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார்.