கீரையும் குருதியும் நல்லெண்ணமும்

நன்மை கருதி ஒருவர் சொன்ன மருத்துவச் செய்தியால் மற்றொருவர்க்குத் தீங்கு நேர்ந்தால், சொன்னவரைப் பாவம் சாருமா? இவ்வினா ஏட்டளவில் நின்ற காலம் போயிற்று. சூரமங்கலத்தில், சேலம் சந்திப்பில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்திற்குள் கைப்பேசிக்கு நான்கு மருத்துவ அறிவுரைகள் வந்துவிடுகின்றன. "கீரையில் வைட்டமின் கே உண்டு, அது குருதியை உறையவைக்கும், இதய நோயாளிகள் கீரையைத் தொடலாகாது" என்பது அவற்றுள் ஒன்று.

முற்பகுதி மெய். கொழுப்பு நீக்கிய தீனியுண்ட கோழிக்குஞ்சுகள் குருதி கசிந்து வாடுவதைக் கண்டு இச்சத்தை அறிந்தவர் டென்மார்க்கு நாட்டு ஹென்ரிக் டாம். 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசில் பங்கு பெற்றார். கல்லீரல் உறைகாரணிகளை ஆக்குவதற்கு இச்சத்து வேண்டும். எனினும் கீரை மிகுதியாக உண்பதால் நலமுடையவர்க்குக் குருதிக்கட்டி உண்டாவதில்லை. எச்சரிக்கை வேண்டுவது வார்பரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை உண்பவர்க்கே. அவை இச்சத்தின் வேலையைத் தடுப்பவை. அவர்க்கும் மருத்துவர் கூறுவது கீரையை அறவே விடுமாறு அன்று, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக உண்ணுமாறு.

'சியாத்' என்பதை 'எதுவும் இருக்கலாம்' என்று பொருள் கொள்வோர் உளர், பிழை. யாருக்கு, எந்நிலையில், எவ்வளவு என்று வரையறுப்பது அச்சொல். வரையறை உதிர்ந்த மெய் ஏகாந்தமாய்த் திரிகிறது. இம்சையை வரையறுக்குமிடத்துத் தத்துவார்த்த சூத்திரமும் பிரமாதத்தையே, அதாவது கருத்தின்மையையே, முன்வைக்கிறது. கேட்பவர் எம்மாத்திரை உண்கிறார் என வினவாது அறிவுரைத்தவர்க்கு நல்லெண்ணம் ஒன்றே காப்பாகாது என்பது என் துணிபு.

நம் போன்ற சைவ உணவினரை அச்சுறுத்தும் செய்தியும் உண்டு: பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் மிகுந்து குருதிக்கட்டி வரும், மாத்திரை உண்டால் வாராது. குறைவு நேர்வது மெய்யே. பாலும் தயிரும் ஓரளவே ஈடுசெய்யும். ஆனால் 5,522 பேரிடம் ஏறத்தாழ 5 ஆண்டுகள் நடந்து 2006இல் வெளியான ஹோப்-2 ஆய்வில், பி வைட்டமின்கள் ஹோமோசிஸ்டீனைத் தாழ்த்தின. மாரடைப்பையோ இதயநோய் மரணத்தையோ குறைக்கவில்லை. பக்கவாதம் மட்டும் சற்றுக் குறைந்தது. உடன் வருவது வேறு, காரணமாவது வேறு. குறைவுடையோர் நரம்பின் நலத்துக்காக அம்மாத்திரையை உண்பது தக்கதே.

மீண்டும் கீரைக்கு வருவோம். நம்மவர்க்கு உண்மையான இடர் அங்கேதான். சாதுர்மாசத்தில் கீரையை விலக்கும் வழக்கம் நம்முள் சிலர்க்கு உண்டு. முருங்கைக்கீரையை வழக்கமாக உண்டு, அதற்கேற்ப வார்பரின் அளவு குறிக்கப்பெற்ற பெரியவர் ஒருவர் திடீரென அதை நிறுத்தினால் மாத்திரையின் வேகம் மிகும். ஈறில் குருதி கசியலாம், மூளையிலும் கசியலாம். விரதம் முடிந்து கீரை மீண்டால், எதிர்மாறாகக் கட்டி தோன்ற இடமுண்டு. விரதம் வேண்டா என்பேனல்லேன். மருத்துவரிடம் மறைப்பதை உறுதிப்பாடு என்று போற்றுவதை மட்டும் ஏற்கேன். விரதம் ஏற்குமுன் அவரிடம் கூறி, ஐ.என்.ஆர். சோதனை செய்து, மாத்திரையின் அளவை அவரே மாற்றித் தரும்படி கேட்கலாம். விரதம் முடியும்போது மற்றொரு முறை அச்சோதனை வேண்டும்.