இடுப்புக்கு மேலே

ஹை வேஸ்ட் ஜீன்ஸ் போட்டால் எடுப்பாக இருக்குமா? ஸ்டைலா? இந்தக் கேள்வியை இங்கே எழுதினால் சில தோழர்களுக்கு எரிச்சல் வரும். "பஞ்சமி நிலம் இன்னும் கைக்கு வரல. டீக்கடையில ரெட்டை கிளாஸ் போகல. இதுல ஜீன்ஸு தொப்புளுக்கு மேல இருந்தா என்னா, கீழ இருந்தா என்னா?" என்பார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் இடுப்புக்கு மேலே துணி ஏறலாமா, ஏறக்கூடாதா என்பதை நம்மை அடக்கியவர்கள் ஒருபோதும் அற்ப விஷயமாக நினைத்ததில்லை. அவர்கள் அதைச் சட்டமாகவே போட்டு வைத்திருந்தார்கள்.

முதலில் துணியைப் பார்ப்போம். இடுப்பெலும்பில் நிற்காமல் தொப்புள் வரைக்கும், சிலதில் அதற்கும் மேலே ஏறி நிற்பதுதான் ஹை வேஸ்ட். இடுப்பின் கோடு மேலே ஏறுவதால் கால் நீளமாகத் தெரியும். குள்ளமானவர்கள் கொஞ்சம் உயரமாகத் தெரிவார்கள். குனிந்தால், உட்கார்ந்தால், பஸ்ஸில் ஏறினால் பின்பக்கம் இறங்கிக்கொண்டு மானத்தை வாங்காது. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே இடம் குறைவாக உள்ளவர்களுக்கு அதே ஜீன்ஸ் உடம்பைக் குறுக்கிக் காட்டும். முரட்டுத் துணியாக இருந்தால் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்காரும்போது வயிற்றை அழுத்தும். சித்திரை வெயிலில் அது ஒரு தண்டனை. ஆக, சிலருக்கு எடுப்பு, சிலருக்கு இல்லை. கண்ணாடி முன்னால் நின்று அவரவர் முடிவு செய்ய வேண்டிய சங்கதி.

இது புதுசும் இல்லை. 1873இல் அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லீவை ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியும் பாக்கெட் முனைகளில் செம்பு ரிவிட் அடித்த பேண்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சுரங்கத்திலும் காட்டிலும் உழைத்தவர்கள் போட்ட உடுப்பு அது. அன்றைக்கு அது இடுப்புக்கு மேலே ஏறித்தான் நின்றது. 2000-ஐ ஒட்டிய வருசங்களில் கம்பெனிகள் இடுப்பை இறக்கின. 2010-களில் மறுபடி ஏற்றின. இப்போது மறுபடியும் இறக்கப் பார்க்கின்றன. இதே மாதிரி முரட்டுத் துணிக்கு டங்கரி என்று ஒரு பெயர் உண்டு. அது மும்பையின் டோங்ரியிலிருந்து வந்த பெயர். கூலிக்காரர்களின் துணி இன்று எல்லோருக்குமான நாகரிகம். இதை அந்நிய நாகரிகம் என்று சொல்பவர்கள், யாருடைய நாகரிகம் என்றும் சேர்த்துச் சொல்லட்டும்.

இனி அந்தச் சட்டத்துக்கு வருவோம். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. தங்கம், வெள்ளி கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறிய சேரிகள் தாக்கப்பட்டன.

நம் உடம்பில் துணிக்கென்று அவர்கள் அளந்து கொடுத்த இடம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை. அதற்கு மேலேயும் கீழேயும் கிடக்கிற உடம்பு அவர்கள் பார்வைக்குத் திறந்தே கிடக்க வேண்டும். இன்று ஒரு துணிக்கடையில் 'ஹை வேஸ்ட்' என்ற சீட்டைப் பார்க்கும்போது எனக்கு அந்த 1930ஆம் வருசத்து அளவுகோல்தான் ஞாபகம் வருகிறது.

ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், அந்தப் பட்டியலைப் பதினொன்றாக நீட்டினார்கள். நிலம் முதலில், உடுப்பு பிறகு என்று சொல்லும் தோழர்கள் அதை ஒரு தடவை படிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது என்ற அதே பட்டியலில்தான் செம்புப் பாத்திரம் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாரருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும், காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை ஆணுக்கு நாலணா பெண்ணுக்கு ரெண்டணா கூலிக்கு உழைக்க வேண்டும் என்பதெல்லாம் வருகிறது. நிலம், கூலி, படிப்பு, துணி எல்லாம் அவர்களுக்கு ஒரே பட்டியல். நாம் மட்டும் ஏன் அதை முக்கியம், அற்பம் என்று ரெண்டாகக் கிழிக்கிறோம்?

தெற்கே திருவிதாங்கூரிலும் இதே கதைதான். தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு மிதிபட்ட பிறகு, 1859 ஜூலையில் மன்னர் ஓர் ஆணை போட்டார். சாணார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது மாதிரி உடுத்தக் கூடாது! மூடுவதற்கு அனுமதி. அழகுக்கு அனுமதி இல்லை. அந்த 'ஆனால்' இருக்கிறதே, அதுதான் சாதி.

அந்த 'ஆனால்' நம் மாவட்டத்திலும் கேட்டது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. ஒரு தலித் இளைஞரும் ஒரு வன்னியர் பெண்ணும் செய்துகொண்ட கல்யாணத்தைக் காரணம் காட்டித்தான் இது நடந்தது. அதையொட்டிய நாட்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேண்ட், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். அந்த இளைஞர் இளவரசன் 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

அந்தப் பேச்சைக் கொஞ்சம் நிதானமாகக் கவனித்தால் ஓர் ஒப்புதல் அதில் இருக்கிறது. ஜீன்ஸில் நம் பையன்கள் எடுப்பாக இருக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்ளாமல் அந்தக் குற்றச்சாட்டையே சொல்ல முடியாது. 'எடுப்பு' என்றால் கண்ணில் படுவது. சேரிக்காரனுக்கு விதிக்கப்பட்டது அதற்கு நேர் எதிரான 'அடக்கம்'. கண்ணில் படாமல் இருப்பதே நமக்கு லட்சணம் என்று சொல்லி வைத்தார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதித்த காசில் ஒருத்தன் நல்ல பேண்ட் வாங்கிப் போட்டால் அவன் கண்ணில் பட்டுவிடுகிறான். குற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அம்பேத்கர் இதை நமக்கு முன்னாலேயே பார்த்தவர். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களிடம் தனியாகப் பேசியபோது, தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டுகிற மாதிரி சேலை கட்டாதீர்கள், அந்தக் கட்டை மாற்றுங்கள் என்று சொன்னார். பெண்கள் உடனே மாற்றினார்கள். தண்ணீருக்கும் மனுதர்மத்துக்கும் எதிரான அந்தப் பெரிய போராட்டத்தின் நடுவில் சேலைக்கட்டைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் இருந்தது.

இதுவரை எழுதியது நம்மில் பலருக்கு உவப்பாக இருக்கும். இனி எழுதுவது இருக்காது.

2012இல் பையன்களின் ஜீன்ஸுக்காக நாம் எல்லோரும் பேசினோம், எழுதினோம். நம் பெண்களின் ஜீன்ஸுக்கு யார் பேசுகிறோம்? பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துச் சேரிகளிலிருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் தைக்கப் போகிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேண்டுகளுக்கு இடுப்புப் பட்டி வைத்துத் தைக்கிற கைகள். அந்த ஊரில் அவர்களும் ஜீன்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். பொங்கலுக்குப் பொம்மிடி ரயிலடியில் இறங்கும்போது சுடிதாரும் துப்பட்டாவுமாக இறங்குகிறார்கள். ஊர்த்தெருவுக்குப் பயந்து மட்டும் இல்லை. "நம்ம தெருவுல இருக்கிறவங்க இன்னா சொல்லுவாங்களோ" என்ற பயம்தான் கூடுதல். நீலக் கொடி பிடிக்கிற அண்ணனே, "பொம்பளப் புள்ளைக்கு இது லட்சணமா?" என்று கேட்கிறார். அந்த 'லட்சணம்' எங்கேயிருந்து வந்தது அண்ணா? 1859இலும் 1930இலும் சொன்னார்களே, அதே வாயிலிருந்துதானே?

இது சின்ன விஷயம் இல்லை. 2021 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் தேவரியா மாவட்டத்து எளிய குடும்பம் ஒன்றில் 17 வயதுப் பெண் செத்துப்போனாள். ஜீன்ஸ் போட்டதற்காகத் தாத்தாவும் சித்தப்பா, பெரியப்பாமாரும் அடித்ததில்தான் செத்தாள் என்று பெற்ற தாயே சொன்னார். வெளியிலிருந்து யாரும் வந்து கொளுத்தவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தது.

சந்தையும் நமக்குச் சொந்தக்காரன் இல்லை. கடைக்காரன் சாதி கேட்காமல் விற்கிறான் என்பது உண்மை. ஆனால் அவன் விளம்பரத்தில் நிற்பவள் சிவப்பாக, ஒல்லியாக, வயிறே இல்லாமல் நிற்கிறாள். 'எடுப்பாக இருக்கும்' என்று அவன் சொன்னால் 'உன் வயிறு தெரியாது' என்று அர்த்தம். ரெண்டு பிள்ளை பெற்ற வயிறு, பசியையும் கஞ்சியையும் பார்த்த வயிறு, எதற்கு மறைய வேண்டும்? இதுவும் ஒரு வகை அடக்கம்தான். முன்பு உடம்பை மூடாதே என்றார்கள், இப்போது வயிற்றை மறை என்கிறார்கள். ரெண்டிலும் நம் உடம்பைப் பற்றிப் பேசுகிற குரல் நம்முடையது இல்லை.

அப்படியானால் என்னதான் பதில்? ஹை வேஸ்ட் ஜீன்ஸ் கட்டாயம் போட வேண்டும், அதுவே விடுதலை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பேண்டையும் கொடியாக ஏற்றிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அது பாரமாகிவிடும். ஆதிக்க சாதிப் பெண் ஒருத்தி கடையில் நின்று, "இது எனக்கு நல்லாருக்கா?" என்று கேட்கிறாள். அவளுக்கு அது ஒரு நிமிசக் கேள்வி. பிடித்தால் எடுப்பாள், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போவாள். அந்த ஒரு நிமிசம் நமக்குக் கிடைக்கவில்லை. நம் பெண் கேட்க வேண்டியிருக்கிற கேள்விகள் வேறு: இதைப் போட்டால் அடிப்பார்களா? தெருவில் பேசுவார்களா? தம்பிக்கு வம்பு வருமா? இத்தனையும் தாண்டித்தான் 'நல்லாருக்கா' என்ற கேள்விக்கு அவள் வர வேண்டும். பெரும்பாலும் அது வரைக்கும் வருவதே இல்லை.

சுயமரியாதை என்பது பெரிய கேள்விகளை எழுப்பும் உரிமை மட்டும் இல்லை. சின்னக் கேள்விகளைப் பயமில்லாமல் கேட்கும் உரிமையும்தான். ஒரு பேண்ட் தனக்கு நன்றாக இல்லை என்று சலித்துக்கொண்டு கழற்றிப் போடுகிற உரிமையும்கூட. அது நமக்கு எடுப்பா, இல்லையா என்பதை நம் பெண்கள் சொல்லட்டும். சொல்வதற்கு முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்க்கும்போது வாசலில் நின்று தடுப்பவர்கள் ஊர்க்காரர்களாக இருந்தாலும் சரி, நம் வீட்டு ஆண்களாக இருந்தாலும் சரி, விலகி நில்லுங்கள்.