இடும்பனுக்கும் இடம் கொடுத்தவன்



திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு 60 கிலோமீட்டர். எட்டு வருஷம், ஒவ்வொரு கிருத்திகைக்கும் நானும் என் நண்பனும் ஆளுக்கொரு பைக்கில் சேர்ந்தே போவோம். ஒட்டன்சத்திரத்தில் டீ, அப்புறம் மலை. ஒருநாள், கடன் கொடுத்த பணத்தை நாலு பேர் முன்னாடி வச்சுக் கேட்டேன். அன்னைக்கே பேச்சு நின்னுபோச்சு. ரெண்டு வருஷம் தனியாத்தான் போனேன்.

போன கிருத்திகை அன்னைக்கு, படியேறும்போது இடும்பன் சன்னதியில் நின்னேன். சிவகிரி, சக்திகிரி ரெண்டையும் காவடியா சுமந்து வந்தவர் இடும்பன். மலைக்காக முருகனையே எதிர்த்துச் சண்டை போட்டு உயிரை விட்டார். முருகன் அவரை எழுப்பினதோட நிறுத்தலை. தன் மலைப்பாதையிலேயே இடமும் கொடுத்தான். தன்னோட சண்டை போட்டவரைக் கும்பிட்டுட்டுத்தான் நாம தன்கிட்ட வரணும்னு வச்சிருக்கான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

அங்கிருந்தே போன் போட்டேன். "எல்லார் முன்னாடியும் கேட்டது தப்புடா, மன்னிச்சிரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அடுத்த கிருத்திகைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"னான்.

வேல் பிடிச்ச கையே விழுந்தவரைத் தூக்கி விட்டுச்சு. நாம ஒரு போன் போடக்கூடாதா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!