அறிவித்தலும் இசைவித்தலும்

ஆண்டுதோறும் நம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறோம். தலைப்பு வெளியான அன்றே வீட்டில் எழும் முதற்கேள்வி, "நான் எந்தப் பக்கம் பேசணும்?" என்பதுதான். பொருளைப் பற்றி ஒரு வரியும் படியாத பிள்ளை, பக்கத்தைக் கேட்கிறது. பக்கம் தெரிந்துவிட்டால் தந்தையார் எழுதித் தருகிறார். தாயார் மனப்பாடம் செய்விக்கிறார். பிள்ளை மேடையேறிக் கையை உயர்த்தி, குரலை ஏற்றிப் பேசிக் கோப்பையுடன் வீடு திரும்புகிறது. சீட்டுக் குலுக்கலில் மறுபக்கம் விழுந்திருந்தால் அதையும் அதே முழக்கத்துடன் பேசியிருக்கும். இதில் என்ன தவறு என்று கேட்பார் உளர். இது பயிற்சிதானே, வளர்ந்தபின் தன் கருத்தைத் தானே பேசிக்கொள்வான் என்பர். யாமும் பல்லாண்டு அவ்வாறே எண்ணி நடுவர் மேசையில் அமர்ந்து மதிப்பெண் இட்டதுண்டு. அவ்வெண்ணம் ஆட்டங்கண்ட நிகழ்ச்சியொன்று ஒக்கலிபுரத்தில் நடந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

அவையில் எழுந்து நிற்பவர் செய்யும் வேலை இருவகைப்படும். கேட்போர் அறியாததை அறிவிப்பது ஒன்று. கேட்போரைத் தம் கருத்துக்கு இசையவைப்பது மற்றொன்று. இரண்டிற்கும் ஆயத்தம் வெவ்வேறு. அறிவிக்கப் புகுபவர், "இவர்களுக்கு எது தெரியாது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார். எளியதை முன்வைத்து அரியதைப் பின்வைக்கிறார். காலமுறையிலோ இடமுறையிலோ செய்திகளை அடுக்குகிறார். இசைவிக்கப் புகுபவரோ, "இவர்கள் எதை விரும்புகின்றனர்? எதற்கு அஞ்சுகின்றனர்?" என்று தொடங்குகிறார். குறையைக் காட்டி, அதற்குத் தீர்வு காட்டி, இன்றே செய்யுங்கள் என்று முடிக்கிறார். இவையெல்லாம் பேச்சுக்கலை நூல்களில் விரிவாக உள்ளன. யாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எமது ஐயம் வேறு. இசைவிப்பதற்காகச் செய்தி திரட்டும்போது நம் பக்கத்துக்கு மாறான செய்தியும் கையில் அகப்படுமே, அதனை என்ன செய்வது? பொய் சொல்லலாகாது என்பது எவரும் அறிந்தது. மெய்யுள் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறலாமா?

செவ்வனே ஒழுங்குபடுத்தப்பட்ட பேச்சு எவ்வளவு கொடிய வேலை செய்யும் என்பதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு சான்று உண்டு. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் வரும் பொற்கொல்லன் பேச்சினைக் கூறுகின்றோம். காவலர் கோவலனைக் காண்கின்றனர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்கின்றனர். அவர்கள் கண்ட உண்மை அது. அவ்வுண்மையைப் பொற்கொல்லன் நேராக மறுக்கவில்லை. நகைத்துவிட்டு, களவு நூல் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்துகிறான். கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று தொகை சொல்கிறான்: தெய்வம், மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. பின்பு ஒவ்வொன்றாக விரித்துச் செல்கிறான். விரித்தபின் ஒரு கதையும் சொல்கிறான். தூதுவன் வேடத்தில் வந்து அரண்மனையில் இருந்தவன் ஒருவன், இரவில் பெண்வேடம் பூண்டு உட்புகுந்து, உறங்கிய இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த கதை அது. முதலில் தொகை, அடுத்து விரி, அதன்பின் எடுத்துக்காட்டு. இன்று போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர் எவரும் இவ்வமைப்பில் குறை காணமாட்டார். உருவத்தால் இது அறிவிக்கும் பேச்சு. உள்ளத்தால் ஓர் உயிரை வாங்கும் பேச்சு. கேட்ட காவலருள் இளைஞன் ஒருவன், தான் கண்ட கள்வன் கதையைத் தானாகவே எடுத்துரைக்கத் தொடங்கிவிடுகிறான். இசைவித்தல் நிறைவேறிவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டா. பிறகு கல்லாதவனும் குடியனுமாகிய ஒருவனின் வாள் வீழ்கிறது.

இவ்விடத்தை எத்தனை முறை படித்தாலும் எம் மனம் நிற்பது ஒன்றில்தான். அவ்வளவு நேரம் பேச்சு நிகழ்ந்தும் கோவலனை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. மறுபக்கத்துக்கு அங்கே வாயில்லை.

வழக்குரை காதையில் கண்ணகி பேசுவதும் இசைவிக்கும் பேச்சே. சினமும் துயரும் அதில் நிறைந்துள்ளன. தன் ஊரையும் குலத்தையும் எடுத்துரைக்கும் பெருமிதமும் உண்டு. ஆயினும் வழக்கு நிற்பது ஒரு செய்தியின்மேல். தன் சிலம்பின் உட்பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் சிலம்பினது முத்து என்கிறான். இனி எவரும் எவர் சொல்லையும் நம்பவேண்டிய தேவை இல்லை. உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பொற்கொல்லன் சொன்ன எட்டில் எதனையும் காவலர் அங்கே சோதித்துப் பார்த்திருக்க முடியாது. கேட்பவர் தாமே சரிபார்க்கத்தக்க ஒன்றை முன்வைப்பதும், சரிபார்க்க இயலாத பலவற்றை அடுக்குவதும் ஒன்றாகுமா?

நல்ல நோக்கத்துக்காக மறைத்தால் என்ன என்று ஒரு வாதம் உண்டு. அது பழைய வாதமே. பேச்சாசான் கோர்கியாசின் பெயரால் வழங்கும் பிளேட்டோவின் உரையாடல் நூலில், கோர்கியாசே அவ்வாறு பெருமை பேசுகிறான். அவன் உடன்பிறந்தான் மருத்துவன். மருந்துண்ண மறுத்த நோயாளிகளை மருத்துவனால் இணங்கவைக்க இயலாதபோது, மருத்துவம் அறியாத தான் பேச்சுத் திறம் ஒன்றினாலேயே இணங்கவைத்ததாகக் கூறுகிறான். நோயாளி பிழைத்தால் நன்மைதானே என்று நமக்கும் தோன்றும். ஆனால் அந்த நோயாளியை நினைத்துப் பாருங்கள். அவர் குடித்தது மருந்தென்று அறிந்து குடிக்கவில்லை. பேசியவரின் இனிமைக்காகக் குடித்தார். நாளை அதனினும் இனிய நாவுடையான் ஒருவன் வந்து நஞ்சை நீட்டினால் அதனையும் குடிப்பார். முதல்வர் செய்த நன்மை இரண்டாமவருக்கு வழி செய்து கொடுத்ததாகவே முடியும்.

திருக்குறளில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம். அவையறிதலும் அவையஞ்சாமையும் 72, 73ஆம் அதிகாரங்கள். மூன்றும் பொருட்பாலில் அமைச்சியலைச் சார்ந்தவை. போட்டிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இம்மூன்றையும் தவறாமல் கற்பிக்கிறோம். வாய்மை என்னும் அதிகாரமோ 30ஆவதாக அறத்துப்பாலில் இருக்கிறது. வரிசையாகப் படித்துவருபவர் அதனைக் கடந்தன்றிச் சொல்வன்மையை அடைய முடியாது. நாம் நடுவிலிருந்து நூலைப் பிரிக்கிறோம்.

வழக்குமன்றத்தில் வழக்கறிஞர் ஒரு பக்கம் மட்டுமே பேசுகிறாரே, அது அறமாகாதா எனலாம். இந்நகரின் மேற்குப் பகுதியில் இருந்த மினர்வா ஆலையின் பெயர் இந்திய அரசியலமைப்பு வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1974இல் நாட்டுடைமையாக்கப்பட்ட அவ்வாலையின் உரிமையாளர்கள் உச்சநீதிமன்றம் சென்றனர். நானி பல்கிவாலா வாதிட்டார். 1976இல் நிறைவேறிய 42ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் இரு பிரிவுகள் 1980இல் செல்லாதனவாயின. பல்கிவாலா ஒரு பக்கத்தையே பேசினார், தவறன்று. ஏனெனில் எதிரே அரசின் வழக்கறிஞர் அமர்ந்திருந்தார். அவர் விட்டதை இவர் எடுப்பார். ஐந்து நீதிபதிகளுள் ஒருவர் மாறுபட்டும் எழுதினார். மன்றத்தில் மறுபக்கத்துக்கு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. அதே பல்கிவாலா 1958 முதல் 1994 வரை மும்பையில் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தைப் பொதுமக்களுக்கு விளக்கி வந்தார். கையில் குறிப்பின்றிப் புள்ளிவிவரங்களைச் சொல்லுவார். பிற்காலத்தில் கூட்டம் விளையாட்டரங்கிற்கு மாற வேண்டியதாயிற்று. வரிச்சுமை பற்றி அவருக்கென வலிய கருத்து இருந்தது, அதனையும் சொன்னார், ஆயினும் மக்கள் திரண்டது கணக்கு அறிவதற்காக.

சங்க மேடையிலும் தெருக்கூட்டத்திலும் எதிர்வழக்கறிஞர் இல்லை. ஆகவே பேசுபவரே அவரையும் தம்மோடு அழைத்துச் செல்லவேண்டியிருக்கிறது. அரசு அலுவலகத்தில் கோப்பெழுதிப் பழகிய எமக்கு இது புதியதன்று. ஒரு குறிப்பு எழுதுகையில் முதலில் நிகழ்ந்தது, அடுத்து விதி, அதன்பின் முன்னர் எடுத்த முடிவுகள், கடைசியில்தான் நமது பரிந்துரை. முன்னைய முடிவு நம் பரிந்துரைக்கு மாறாக இருந்தாலும் அதனை எடுத்துக்காட்டியாக வேண்டும். மறைத்தால் மேலதிகாரியின் கையொப்பம் பொய்யின்மேல் விழும். இருபதாண்டுகள் இவ்வாறு எழுதிய கை, மேடைக்குக் குறிப்பெழுதியபோது என்ன செய்தது என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒக்கலிபுரத்தில் ஞாயிறு காலைத் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்க நண்பர்கள் எண்ணினர். இரயில் வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து தங்கிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை அங்கே வளர்கிறது. வீட்டில் தமிழ் பேசும், எழுத்துத் தெரியாது. பெற்றோரை இசைவிக்கும் பணி எம்மிடம் வந்தது. பத்து நாள் ஆயத்தம் செய்தோம். 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டதைக் குறித்துக்கொண்டோம். 2008இல் கன்னடமும் அவ்வாறே அறிவிக்கப்பட்டதைக் குறித்துக்கொள்ளவில்லை. அதனைச் சொன்னால் வேகம் குறையும் என்று தோன்றியது. பாட்டியின் கடிதத்தைப் படிக்க இயலாத பேரன் என்று ஓர் உருக்கமான பகுதியையும் சேர்த்தோம்.

மாடியில் கூட்டம். இரயில் கடக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி மீண்டும் தொடர வேண்டியிருந்தது. அந்த இடைவெளிகளும் பேச்சுக்கு அழகாகவே அமைந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முடிந்ததும் கைதட்டினர். அப்போது பின்வரிசையில் பேரனை மடியில் இருத்தியிருந்த ஓர் அம்மையார், "தம்பி, உங்க பொண்ணும் இங்கதான் வரப்போகுதா?" என்று கேட்டார்.

அதே ஞாயிறு காலை, அதே நேரத்தில், எம் மகளுக்குக் கணக்கு டியூஷன். அதனை விடுவிக்கும் எண்ணம் எமக்கு இருக்கவில்லை. யாம் தயங்கவில்லை. "அதுக்கு வீட்டிலேயே வாத்தியார் இருக்காரேம்மா!" என்றோம். அவை சிரித்தது. அம்மையாரும் சிரித்தார். பலர் பெயர் கொடுத்தனர். வீட்டிலிருந்த வாத்தியார் மகளுக்கு அகரம்கூட எழுதிக் காட்டியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அன்றிரவு எமக்குத் தூத்துக்குடி நினைவு வந்தது. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யும்படி இசைவித்தவர்கள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். கூலியிழக்கும் துன்பத்தை ஏழைகளை ஏற்கச் சொன்னார்கள். அதே ஆண்டு இருவரும் சிறைக்குச் சென்றார்கள். சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை, சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள். மேல்முறையீட்டில் குறைந்தது வேறு. கேட்போரிடம் கேட்ட விலையைவிடத் தாம் கொடுத்த விலை பெரிது. யாமோ ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடக் கொடுக்காமல் முப்பது வீட்டாரின் ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டோம். பேசுபவரின் ஒழுக்கமே ஏறக்குறைய எல்லாச் சான்றினும் வலிய சான்று என்று அரிஸ்டாட்டில் கருதினார். அந்தச் சான்றைத்தான் அம்மையார் கேட்டார். யாம் போலியைக் காட்டினோம்.

மறுவாரம் அவர் வீட்டுக்குச் சென்று உண்மையைச் சொன்னோம். சினம் கொள்வார் என்று எண்ணினோம். காபி கொடுத்தார். "கணக்கும் வேணும்தானே தம்பி, எம் பேரனுக்கும் எங்கயாச்சும் சொல்லுங்க" என்றார். பேரனை வகுப்புக்கு அனுப்புவதாகவோ இல்லையென்றோ ஒன்றும் சொல்லவில்லை. அவன் மூன்று மாதம் வந்தான், பிறகு நின்றுவிட்டான். எம் பேச்சால் வந்தானா, எம் பொய்யால் நின்றானா என்று இன்றும் எமக்கு விளங்கவில்லை.

போட்டியில் பக்கம் பிரித்துப் பேசுவதை விட்டுவிடச் சொல்கிறோமா? அவ்வாறன்று. ஒரே பிள்ளையை இரு பக்கமும் பேசச் சொல்லலாம். மறுபக்கத்தின் மிக வலிய செய்தியை முதலில் எடுத்துச் சொன்ன பின்னரே தன் பக்கத்தைத் தொடங்கவேண்டும் என்று விதி செய்யலாம். முழக்கம் சற்றுக் குறையும். நடுவருக்கு வேலை கூடும். கடந்த ஆண்டு எம் தெருப் பிள்ளைகளிடம் இதனைச் சோதித்தோம். ஒரு சிறுவன் மறுபக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு இப்ப அதுதான் சரின்னு தோணுது" என்று இறங்கிவிட்டான். அவனுக்கு மதிப்பெண் எவ்வளவு இடுவது என்பதில் நடுவர் மூவரும் இன்னும் ஒத்துவரவில்லை.

இவ்வாண்டும் வகுப்புத் தொடக்கத்தில் பேசும்படி அழைத்திருக்கிறார்கள். குறிப்பு எழுதி முடித்துவிட்டோம். செம்மொழிகள் இரண்டும் அதில் உள்ளன. வார இறுதியில் ஒரு வகுப்பைச் சேர்த்தால் பிள்ளைக்கு விளையாட்டு நேரம் குறையும் என்பதும் உள்ளது. பாட்டியின் கடிதத்தை நீக்கிவிட்டோம். அப்படி ஒரு பாட்டியும் கடிதமும் எமக்குத் தெரிந்து இல்லை. முதற்பக்கத்தின் முதல் வரியில், எம் மகள் முதலாண்டு இவ்வகுப்புக்கு வரவில்லை என்பதையும், பதின்மூன்று வயதில்தான் வந்து சேர்ந்தாள் என்பதையும், லகர ளகர ழகரங்களை இன்றும் மாற்றி எழுதுகிறாள் என்பதையும் எழுதியிருக்கிறோம்.