எண் பெறாதவன் ஓட்டம்

ஊதியம் கருதிச் செய்யும் தொழில் ஒன்று; உள்ளம் விரும்பிச் செய்யும் செயல் ஒன்று. முன்னது நின்றால் வயிறு வாடும். பின்னது நின்றால் மனம் வாடும். இரண்டும் மனிதனுக்கு வேண்டுவனவே. ஆயினும், "உழைப்பவனுக்கு உழைப்பே போதும், விருப்பத்துக்கு என்று தனியே ஒரு செயல் அவனுக்கு எதற்கு?" என்று கேட்பவர் எக்காலத்தும் உண்டு. விருப்பம் செல்வர்க்கு, வேலை எளியவர்க்கு என்பது அவர்தம் கணக்கு. இக்கணக்கினால் வாயில் அடைக்கப்பட்ட ஒருவன் எவ்வாறு நிற்றல் வேண்டும்? வாயிலைத் தட்டுவதா, தட்டாமல் தன் வழியே போவதா? இவ்வினாவை ஓர் ஓட்டக்காரரின் வாழ்வைக் கொண்டு ஆராய்வோம்.

ஓட்டத்துக்குச் செலவு மிகக் குறைவு. மட்டையும் வலையும் வேண்டா. காலும் நிலமும் இருந்தால் போதும். ஆதலின், வேறெந்த விளையாட்டும் கிட்டாத ஏழைக்கு ஓட்டமேனும் கிட்டும் என்று எவரும் நினைப்பர். நடந்ததோ வேறு. 1866-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அமெச்சூர் தடகளக் கழகம் என ஒன்று தோன்றியது. அமெச்சூர் என்பது இலத்தீன் மொழியில் அன்பு செய்பவன் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. பணத்துக்காக அன்றி அன்பினால் ஆடுபவனே அமெச்சூர். சொல் இனியது. அதற்கு அக்கழகத்தார் வகுத்த விதி கசப்பானது. பரிசுப் பணத்துக்கு ஓடியவனோடு கம்மியன், கைவினைஞன், கூலியாள் ஆகியோரும் அமெச்சூர் ஆகார் என்றது அவ்விதி. கையால் உழைப்பவனுக்கு அன்பு செய்யும் தகுதி இல்லை என்பதன்றோ இதன் பொருள்? செய்யும் தொழிலைக் காட்டி மனிதனைப் புறத்தே நிறுத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அது கடல் கடந்த நாட்டிலும் வேறு பெயருடன் வாழ்ந்தது என்பதை அறிந்துகொள்க.

1880-ஆம் ஆண்டில் புதிய சங்கம் ஒன்று அமைந்தபோது, தொழிலாளியை விலக்கிய வாசகம் நீங்கியது. பணம் பெற்றவனை விலக்கிய வாசகம் நின்றது. வறியவன் நான்கு காசுக்காகச் செய்ததைக் காட்டி, வாழ்நாள் முழுதும் அவனைத் தள்ளி வைக்க அதுவே போதுமானதாயிற்று. அதில் அகப்பட்டவர்தாம் ஜான் டாரன்ட்.

அவர் 1932-இல் இலண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தார். போர்க்காலத்தில் தாயை இழந்தார். தம்பி விக்டருடன் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தார். பின்னர்ப் பக்ஸ்டன் என்னும் ஊரில் வாழ்ந்த இளமைக் காலத்தில், சில குத்துச்சண்டைகளில் இறங்கி மொத்தம் 17 பவுன் பெற்றார். சண்டையில் மனம் பற்றவில்லை. ஓட்டத்தில் பற்றியது. ஓட்டக் கழகத்தில் சேர விண்ணப்பம் எழுதியபோது, அந்த 17 பவுனைத் தாமே குறிப்பிட்டார். அதனால் அமெச்சூர் போட்டி எதிலும் ஓடலாகாது என்று தடை விதித்தனர். ஓடிப் பெற்ற பணமன்று அது. வேறு விளையாட்டில், இளமையில், வறுமையில் பெற்றது. எனினும் விதி இரங்கவில்லை.

அவர் செய்ததைக் கேளுங்கள். 1956-இல் லிவர்பூல் நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தில், மேலங்கியால் உடலை மறைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார். ஓட்டம் தொடங்கியதும் அங்கியை எறிந்துவிட்டு மற்றவரோடு ஓடலானார். மார்பில் எண் இல்லை. பட்டியலில் பெயர் இல்லை. பின்னும் பல ஓட்டங்களில் அவ்வாறே தோன்றினார். தம்பி விக்டர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்று உதவினார். நாளேடுகள் அவருக்குப் 'பேய் ஓட்டக்காரர்' என்று பெயரிட்டன.

நம்மில் மில் வேலை செய்தவர்கள் எண்ணின் இயல்பை அறிவார்கள். வாயிலில் வில்லையைக் காட்டி உள்ளே சென்றால், பெயர் போய் எண் நிற்கும். "என்னைப் பெயர் சொல்லி அழை" என்று ஏங்கினோம். டாரன்ட் எண்ணுக்காக ஏங்கினார். ஆராய்ந்து பார்ப்பின் இரண்டும் ஓர் ஏக்கமே: "நானும் இங்கு இருக்கிறேன், என்னைக் கணக்கில் கொள்" என்பதே அது.

1958-இல் உள்நாட்டுத் தடை நீங்கியது. சால்ஃபோர்ட் ஹாரியர்ஸ் என்னும் கழகத்தின் உறுப்பினராக எண் அணிந்து ஓடினார். நாட்டின் சார்பில் பிறநாட்டாருடன் ஓடும் உரிமை மட்டும் இறுதிவரை கிட்டவில்லை. அவர் நெடுந்தொலைவு ஓட்டங்களுக்குத் திரும்பினார். இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை 50 மைலுக்கு மேற்பட்ட ஓட்டத்தில் 1967-இலும் 1968-இலும் முதல்வரானார். 1969-இல் வட்டப் பாதையில் 100 மைல் தொலைவை 12 மணி 31 நிமிடத்தில் கடந்தார். அது அந்நாளில் உலகச் சாதனை. கால் மைல் வட்டத்தை 400 முறை சுற்றுவதை எண்ணிப் பாருங்கள். காணும் காட்சி மாறாது. சேரும் ஊர் இல்லை. விருப்பம் ஒன்றே அங்கே வழித்துணை.

இனி இவ்வாழ்வு எழுப்பும் வினாக்களைப் பார்ப்போம்.

முதல் வினா: உண்மையை எழுதியது பேதைமையா? எழுதாதிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று உலகியலார் கேட்பர். பொய் எழுதியிருப்பின் எண் கிடைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஓர் அச்சம் அவருடன் ஓடி வந்திருக்கும். மேலும், ஓட்டம் பொய்யை ஏற்காத செயல். ஒருவன் ஓட வேண்டிய மைலை மற்றொருவன் ஓடித் தர இயலாது. அச்செயலை நேசித்தவர் அதன் வாயிலில் உண்மையை வைத்தது பொருத்தமே. தண்டித்தவரிடமே குற்றம் உளது.

இரண்டாம் வினா: இந்த ஓட்ட விருப்பம் துன்பம் தரும் பற்று ஆகாதோ? ஒரு விருப்பத்தை அளக்க எளிய முறை உண்டு. அது பிறருடையதைப் பறிக்கிறதா? கிடைத்தபின் மேலும் மேலும் கேட்டு மனத்தை எரிக்கிறதா? விடியலில் எழுந்து தெருவில் ஓடுபவன் எவருடையதையும் எடுப்பதில்லை; அவன் ஓடியதால் பாதை தேய்வதில்லை. ஓடி முடித்தால் மூச்சு அடங்குகிறது. அதனுடன் மனமும் அடங்குகிறது. இது நல்விருப்பம். ஆனால் நல்விருப்பமும் அளவு கடக்கலாம். நோயுற்ற உடலை வருத்தியும் டாரன்ட் ஓடினார். அவர் ஓட்டத்தையே எண்ணியிருந்த நாள்களில் வீட்டின் சுமையைத் தாங்கியவர் மனைவி அன்றோ என்று கேட்பதும் தகும். ஒருவர் ஓட மற்றொருவர் சுமப்பது இல்லறத்தில் நிகழும்போது, சுமப்பவரையும் கணக்கில் கொள்வதே அறம். கணக்கில் கொள்ளப்படாத துன்பத்தை அறிந்தவர் அதை மறத்தல் ஆகாது.

மூன்றாம் வினாவே தலையாயது: ஓடுவதே இன்பம் எனின், எண்ணுக்காகப் போராடியது ஏன்? "ஓடினாய், மகிழ்ந்தாய், போதாதா? பெயரும் பதிவும் வெறும் ஆசை, அதை விடு" என்று அறிவுரை கூறுவர் சிலர். இவ்வறிவுரையைக் கூறுபவர் பெரும்பாலும் எண் பெற்றவர்களே. அடைத்த கதவின் முன் நிற்பவனுக்குத் துறவைப் போதிப்பது கதவைக் காப்பதற்கான தந்திரம். நியாயம் கேட்பது ஆசை ஆகாது. அது தனக்கும் தனக்குப் பின் வருவோர்க்கும் செய்யும் கடமை. ஆயின் ஒன்றை மறவாதிருப்போம். கதவு திறந்தால்தான் நான் மனிதன் என்று எவன் நினைக்கிறானோ, அவன் தன் மதிப்பைக் கதவு காப்பவன் கையில் கொடுத்துவிட்டான். டாரன்ட் விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டே இருந்தார், ஓடிக்கொண்டும் இருந்தார். விடை வரும்வரை கால்களை நிறுத்தி வைக்கவில்லை. இதனையே நாம் கற்க வேண்டும்.

தன் துன்பம் பிறர் துன்பத்தைக் காட்டும் கண்ணாகவும் ஆகும். தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய நகரங்களுக்கிடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுக்குக் காம்ரேட்ஸ் என்னும் ஓட்டம் 1921 முதல் நடந்து வருகிறது. 'தோழர்கள்' என்று பெயர். ஆனால் அதில் கறுப்பினத்தாருக்கும் பெண்களுக்கும் நெடுங்காலம் இடமில்லை. 1923-இல் ஃபிரான்சிஸ் ஹேவர்ட் என்னும் பெண்மணியும், 1935-இல் ராபர்ட் எம்ட்ஷாலி என்னும் கறுப்பினத்தவரும் பதிவின்றியே ஓடி முடித்தனர். 1968-இல் டாரன்ட் அங்கே சென்றார். அவருக்கும் எண் மறுக்கப்பட்டது, எண்ணின்றியே ஓடினார். 1970-இல் அந்நாட்டில் வெள்ளையரல்லாதார் ஓடிய 50 மைல் ஓட்டத்திலும் சென்று கலந்துகொண்டார். நிறவெறி சட்டமாக ஆண்ட நாட்டில், எண் மறுக்கப்பட்ட வெள்ளையர் ஒருவர் எண் மறுக்கப்பட்ட கறுப்பரோடு ஒரே சாலையில் ஓடினார்.

அவர் 1975 ஜனவரியில் புற்றுநோயால் மறைந்தார், வயது 42. அதே ஆண்டில்தான் காம்ரேட்ஸ் ஓட்டம் எல்லா இனத்தாருக்கும் பெண்களுக்கும் முறைப்படி திறக்கப்பட்டது. 1980-களில் அமெச்சூர் விதியும் படிப்படியாகக் கைவிடப்பட்டது. இன்று ஒலிம்பிக்கில் ஓடுபவர் பரிசுப்பணமும் பெறுகின்றனர். அதனால் ஓட்டத்தின் தூய்மை கெட்டதாக எவரும் கூறவில்லை. அப்படியாயின் அந்த 17 பவுன் குற்றம் எங்கே போயிற்று? குற்றம் என்றது சட்டம். சட்டம் போனதும் குற்றமும் போயிற்று. போகாமல் நிற்பது, ஒரு மனிதரின் வாழ்வு அதனால் குறைக்கப்பட்டது என்பதே.

அன்பர்களே! விதி மாறும் நாளை எண்ணி வாழ்வை ஒத்திவைத்தல் ஆகாது. வாழ்வு நடக்கிறதே என்று விதியைப் பொறுத்திருத்தலும் ஆகாது. நம் பிள்ளைகளுள் ஒருவன் ஓட விரும்பலாம். ஒருத்தி பாட விரும்பலாம். வேறொருவன் மாலையில் படம் எழுத விரும்பலாம். "இதனால் சோறு வருமா?" என்று நாம் முதலில் கேட்டுவிடுகிறோம். வறுமை கற்பித்த கேள்வி அது. அதைக் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் அதையே கடைசிக் கேள்வியாக்கி விட்டால், உழைப்பவனுக்கு விருப்பம் எதற்கு என்று 1866-இல் எழுதிய விதியை நாமே நம் வீட்டு வாயிலில் எழுதியவர் ஆவோம். அவர்கள் ஓடட்டும். எண் கேட்கவும் கற்றுக்கொடுப்போம்.